விரலை நம்பாதீர், கல்லுக்குக் கால் கொடுங்கள்



என் இடக்கைச் சுட்டுவிரலின் நுனியில் ஒரு தழும்பு உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்பார்கள்: "சார், இது எப்படி வந்தது?" "கல் அறுக்கும்போது வந்தது" என்பேன். "கல்லை அறுக்க முடியுமா சார்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் பாட நேரம் போய்விடும் என்பதால் பேச்சை மாற்றிவிடுவேன். மாணவர்களிடம் முழுமையாகச் சொல்லாத கதையை இங்கே எழுதுகிறேன். அந்தக் கதையால் எனக்குள் உறுதிப்பட்டுவிட்ட ஒரு கருத்தும் உண்டு.

கருத்து இதுதான். சிறிய கல்லை, அதிலும் உருண்டையும் கோணலுமான கல்லை, கல்லறுக்கும் இரம்பத்தில் விரலால் பிடித்து அறுக்கவே கூடாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கூடாது. கல் சிறிதாகச் சிறிதாக, அதற்கு நாம் செய்துதரும் பிடி பெரிதாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் அறுபடும் கல்லுக்குப் பிடி அமைக்க ஐந்து நாள் ஆனாலும் அந்த நாள்கள் வீணல்ல.

அப்பாவின் கல்

என் தந்தையார் பேராக் மாநிலத்தில், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்தவர். 1985இல் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவர் வேலை செய்த சுரங்கமும் தப்பவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. கடைசி நாள் வீடு திரும்பியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து அம்மாவின் கையில் வைத்து, "இந்தா, இந்த வருசத்துப் போனஸ்" என்றார். அம்மா சிரித்தாரா அழுதாரா என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கல் மட்டும் அவருடைய தையல் பெட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

கோழிமுட்டையைவிடச் சிறியது. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் பள்ளமும் மேடுமாகக் கோணல். குவார்ட்சு என்னும் படிகக்கல். ஒளியில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கரிய ஊசிகள் சிதறிக் கிடப்பது தெரியும். அவை தூர்மலின் என்னும் கனிமம் என்பதைப் பின்னாளில் அறிந்தேன்.

2018இல் அப்பா மறைந்தார். கருமாதி முடிந்த சில நாள்களில் தங்கை கேட்டாள்: "அண்ணா, அப்பா கல்லை மூணா அறுத்து அம்மாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வச்சிக்கலாமா?" எனக்கும் அது நல்ல எண்ணமாகவே பட்டது.

ஈப்போவில் மோதிரக்கல் தீட்டும் சீனப் பெரியவர் ஒருவரிடம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பொழுதுபோக்காகக் கல்வேலை பழகிவந்தேன். பழைய ஆறு அங்குல மேசை இரம்பம் ஒன்றும் வாங்கி, வீட்டின் பின்கட்டில் வைத்திருந்தேன். தட்டையான துண்டுகளை அறுத்துப் பழகிய துணிவில், 2019ஆம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அப்பாவின் கல்லைக் கையில் எடுத்தேன்.

விரல்களால் பிடித்தேன். வட்டு கல்லுக்குள் இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு வெட்டு நன்றாகவே போனது. பிறகு கல் ஒரு முடியளவு உருண்டிருக்கும். கீச்சென்று ஓர் ஒலி. கல் கையைவிட்டுத் தெறித்துச் சுவரில் மோதியது. விரல் வட்டின்மீது விழுந்தது. மூன்று தையல்கள். வட்டு நெளிந்து பயனற்றுப் போயிற்று. அதெல்லாம் போகட்டும். அப்பாவின் கல் ஒரு பெரிய துண்டாகவும் ஆறேழு சில்லுகளாகவும் தரையில் கிடந்தது.

கட்டுப் போட்ட விரலோடு பெரியவரிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. மலாய் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "சிக்கு, கல்லை நீங்கள் பிடித்தீர்கள். உங்கள் கையை எது பிடித்திருந்தது?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடமே அதுதான். மரத்துண்டை மேசையோடு இறுக்கியபின்பே இரம்பத்தைத் தொட வேண்டும். வாழ்க்கைத் திறன் பாடம் இருந்த காலத்தில் அதை மாணவர்களுக்கு நானே ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மரத்துக்குச் சொன்னதைக் கல்லுக்குச் செய்யவில்லை. அதுவும், எந்தக் கடையிலும் மீண்டும் வாங்க முடியாத கல்லுக்கு!

விரல் ஏன் தோற்கிறது?

கல்லறுக்கும் இரம்பத்துக்கு மர இரம்பம்போல் பல் கிடையாது. மெல்லிய உலோகத் தட்டின் விளிம்பில் வைரத்துகள் பதித்திருக்கும். அது கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் உண்டாக்கியபடி உள்ளே போகிறது. மோசு கடினத்தன்மை அளவையில் குவார்ட்சு 7, வைரம் 10. ஆகவே கல் வழிவிடுகிறது.

பல் இல்லாததால் விரலை வெட்டாது என்று சொல்லி, ஓடும் வட்டைத் தொட்டும் காட்டுவார்கள் சிலர். மெல்லத் தொட்டால் தோல் நெகிழ்ந்து தப்பிக்கலாம். விரல் வேகமாக வந்து விழும்போதோ, கல்லுக்கும் வட்டுக்கும் இடையில் சிக்கும்போதோ அப்படித் தப்ப முடியாது. ஆறு அங்குல வட்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வதாகக் கொண்டால், அதன் விளிம்பு நொடிக்கு 23 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. என் விரல் அதற்குச் சான்று.

இனி, கல் ஏன் உருண்டது என்று பார்ப்போம். நம்மை நோக்கிய விளிம்பு மேலிருந்து கீழ்நோக்கி ஓடுகிறது. அடிப்பக்கம் தட்டையான கல் என்றால், வட்டு அதை மேசையோடு சேர்த்து அழுத்தும். அது நமக்கு உதவிதான். உருண்டைக் கல்லோ மேசையை ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. வட்டு அழுத்தும் இடம் அந்தப் புள்ளிக்கு நேர் மேலே இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது. ஆகவே கல் வட்டை நோக்கி உருளப் பார்க்கும். தொடக்கத்தில் விரல் அதைத் தடுத்துவிடும். வெட்டு ஆழமானபின் கல் சற்றே திரும்பினாலும் பள்ளத்தின் சுவர்கள் வட்டின் பக்கங்களைக் கவ்விக்கொள்ளும். வட்டு நெளியும், கல் பறக்கும். கல் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு விரல் வட்டின் அருகில் இருக்கும்.

"விரலில்தான் உணர்ச்சி இருக்கிறது, கல் சிக்கப் போவதை விரல் முன்கூட்டியே சொல்லிவிடும்" என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அகலமான, தட்டையான பலகைக்கல்லைக் கையால் தள்ளி அறுக்கும்போது அந்த உணர்ச்சி பயன்படுகிறது. இன்றும் நான் அப்படித்தான் அறுக்கிறேன். ஆனால், சிறிய உருண்டைக் கல்லில் விரலுக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிடியில் கல்லை இறுக்கிவிட்டு, அந்தப் பிடியைக் கையால் தள்ளினாலும் உணர்ச்சி வரத்தான் செய்கிறது. விரல் மட்டும் பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இதில் நாம் இழப்பது என்ன?

மூன்று பிடிகள்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டைவிட்டு வெளியேற வழியில்லை. அந்த மாதங்களில் ஆற்றுக் கூழாங்கற்களை வைத்துப் பலவகைப் பிடிகளைச் செய்து பார்த்தேன். அவற்றுள் மூன்று எனக்கு மனநிறைவு தந்தன.

முதலாவது, மரப்பிடி. கையளவு நீளமுள்ள இரண்டு மரத்துண்டுகளை இரண்டு போல்ட்டுகளால் இணைக்க வேண்டும். நட்டு கையாலேயே திருகக் கூடியதாக இருப்பது நல்லது. ஒரு துண்டின் உட்பக்கத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளத்தின் இரு சரிவுகளும் எதிர்ப்பக்கத்து மரமும் சேர்ந்து கல்லை மூன்று இடங்களில் தொடும். இரண்டு இடங்களில் மட்டும் பிடித்தால் கல் அச்சில் சுற்றுவதுபோல் சுற்றிவிடும். சரக்குப் பெட்டியின் மென்மையான பலகையே இதற்கு ஏற்றது. கல் அதில் சற்றே அழுந்திப் பதியும். பழைய மிதிவண்டி டியூப்பை வெட்டி இடையில் வைத்தால் இன்னும் நன்று. ஒன்றை மறவாதீர்: பிடியின் மறுமுனையில் கல்லின் தடிமனுக்கு ஈடான மரத்துண்டைச் செருக வேண்டும். இல்லையேல் பலகைகள் சரிந்து, இறுக்க இறுக்கக் கல் வெளியே வழுக்கும்.

இரண்டாவது, கல்லுக்குக் கால் கொடுப்பது. என் நெஞ்சுக்கு நெருக்கமான முறை இதுவே. தடித்த கண்ணாடித் தட்டில் 80ஆம் எண் சிலிக்கான் கார்பைடு தூளைச் சிறிது தூவி, நீர் தெளித்து, கல்லின் ஒரு பக்கத்தை வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். எந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும். இருபது காசு நாணயம் அளவுக்குத் தட்டையான பரப்பு கிடைத்தால் போதும். கல்லை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இல்லாமல் காயவைத்து, அந்தப் பரப்பைச் சதுரமான மரக்கட்டையில் எப்பாக்சி பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் விடுங்கள். பிறகு கல்லை மறந்துவிட்டுக் கட்டையைப் பிடித்து அறுக்கலாம். கட்டைக்குத் தட்டையான அடி உண்டு, அது உருளாது.

கழற்றுவதற்கும் வழி உண்டு. விரைவில் இறுகும் எப்பாக்சி வகைகள் பல, வெந்நீரில் இளகும். ஆனால், குளிர்ந்த கல்லைச் சட்டென்று வெந்நீரில் போட்டால் கல் வெடிக்கக் கூடும். கல்லையும் தண்ணீரையும் ஒன்றாகவே வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும்; அதேபோல் மெல்லவே ஆறவிட வேண்டும். எண்ணெய் ஊற்றி அறுக்கும் இரம்பம் என்றால் வெள்ளை மரப்பசையே போதும். எண்ணெய் அதை இளக்காது. பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் பிடியை விட்டுவிடும்.

மூன்றாவது, சாந்து அச்சு. எந்தப் பக்கமும் தேய்க்க மனம் வராத கல்லும் உண்டு. எப்படிப் பிடித்தாலும் நழுவும் கோணல் கல்லும் உண்டு. அவற்றைப் பால் பெட்டி ஒன்றில் வைத்துப் பாரிஸ் சாந்தை ஊற்றி, முழுக் கட்டியாக வார்த்துவிடலாம். அரைமணி நேரத்தில் இறுகிவிட்டதுபோல் தோன்றும். நம்பிவிடக் கூடாது. நம் நாட்டு ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாளாவது உலரவிட வேண்டும். சாந்துக்குள் கல் மறைந்துவிடுவதால், எங்கே அறுப்பது என்பதைப் பெட்டியின் வெளிப்புறத்தில் முன்பே கோடிட்டுக் கொள்ளுங்கள். தண்ணீர் இரம்பத்தில் சாந்து கரைந்து சேறாகும்; ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கழுவ வேண்டும். அந்தச் சேற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கல்லைத் துணியில் சுற்றிப் பிடிப்பது, கையுறை அணிந்து பிடிப்பது ஆகிய இரண்டும் பாதுகாப்புப்போல் தோன்றும் ஆபத்துகள். சுழலும் வட்டு துணியைக் கவ்வினால் கையையும் சேர்த்தே இழுக்கும். இரும்புக் குறட்டால் நேரடியாகக் கவ்வுவதும் வேண்டாம். இரும்பு கல்லை ஓரிரு முனைகளில்தான் தொடுகிறது. அங்கேதான் கல் விரிசல் விடும். எந்தப் பிடியானாலும் வெட்டு முடியும் தறுவாயில் தள்ளும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் கடைசி நூலிழை அறுபடாமல் ஒடிந்து, விளிம்பில் ஒரு துருத்தல் நிற்கும். கண்ணாடி அணியாமல் இரம்பத்தை முடுக்காதீர்கள். நீரின்றி உலர்வாக அறுக்கவே அறுக்காதீர்கள்.

முன்னோர் அறியாததா?

இவை ஒன்றும் புதுமையல்ல. அரக்கு என்றவுடன் நமக்குப் பாரதத்து அரக்கு மாளிகைதான் நினைவுக்கு வரும். மணிக்கல் தீட்டுவோர்க்கு அரக்கு என்பது பிடி. அரக்கை உருக்கிக் குச்சியின் முனையில் பூசி, கல்லையும் சூடாக்கி அதில் பதித்துவிட்டால், கடுகளவுக் கல்லும் ஒரு சாண் நீளக் கைப்பிடி பெற்றுவிடுகிறது. குசராத்தின் கம்பாத் நகரில் கல்மணி துளைக்கும் கைவினைஞர், மணியை மரப்பிடியில் இறுக்கியபின்பே வில்லால் இயங்கும் துரப்பணத்தை அதன்மேல் வைப்பார்கள். பதிற்றுப்பத்தில் பேசப்படும் கொடுமணம் எனக் கருதப்படும் கொங்கு நாட்டுக் கொடுமணலில், கல்மணித் தொழில் நடந்ததற்கான சான்றுகளை அகழாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். விரலில் பிடிக்கவும் முடியாத சிறு கற்களை அறுத்தும் துளைத்தும் விற்ற மக்கள் நம் முன்னோர்.

கம்பாத்தைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே அகேட் கல்லைத் தேய்ப்போரைச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் தாக்குவது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. காரணம், மூச்சோடு உள்ளே போகும் கல்தூசி. நான் நீரைப் பற்றி வற்புறுத்துவது இதனால்தான். விரலின் காயம் உடனே தெரியும். நுரையீரலின் காயம் தெரிய ஆண்டுகள் ஆகும்.

பள்ளிக்குச் சொல்வது

கல்லைச் சொல்லி மாணவரைச் சொல்கிறீரா என்று சிலர் கேட்கக் கூடும். இல்லை, மாணவர் கல் அல்லர். நான் சொல்வது பிடிகருவியைப் பற்றித்தான்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையில் நான் பலமுறை கண்ட காட்சி இது: ஒரு மாணவன் பலகையைப் பிடித்துக்கொள்கிறான், இன்னொருவன் அறுக்கிறான். பிடிகருவி அலமாரியில் இருக்கும். அல்லது முப்பது பேருக்கு இரண்டுதான் இருக்கும். நேரமில்லை என்று நாமும் விட்டுவிடுகிறோம். இறுதியில் மதிப்பிடும்போது செய்த பொருளை மட்டுமே பார்க்கிறோம். அதை எப்படிப் பிடித்துச் செய்தான் என்று கேட்பதில்லை. பிடிக்கும் வேலைக்கும் மதிப்பு உண்டு என்று நாம் காட்டாதவரை, அதை வீண்வேலையாகத்தான் மாணவர்கள் எண்ணுவார்கள். நானும் அப்படி எண்ணித்தான் அப்பாவின் கல்லை உடைத்தேன்.

ஆகவே என் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. அறுப்பதற்குமுன் ஒவ்வொருவரும் தம் பலகையை இறுக்கிவிட்டு என்னை அழைக்க வேண்டும். நான் ஒருமுறை அசைத்துப் பார்ப்பேன். அசைந்தால் இரம்பம் கிடையாது. முதல் பாடவேளை முழுவதும் இதிலேயே போய்விடுகிறது. போகட்டும்.

எஞ்சிய துண்டு

அப்பாவின் கல்லில் எஞ்சிய பெரிய துண்டுக்கு வருவோம். முன்பைவிடச் சிறியது, முன்பைவிடக் கோணல். கையில் எடுக்கவே அச்சமாக இருந்தது. 2020 சூன் மாதத்தில், நான்கு மாலைப் பொழுதுகள் கண்ணாடித் தட்டின்முன் அமர்ந்து அதன் உடைந்த பக்கத்தைத் தேய்த்தேன். நான்காம் நாள் அந்தப் பக்கம் சமமாயிற்று. கட்டையில் ஒட்டி, மறுநாள் மாலைவரை காத்திருந்தேன். அறுக்க ஏழு நிமிடம் ஆயிற்று. கல் அசையவே இல்லை.

இரண்டு துண்டுகள் கிடைத்தன. இரண்டிலும் கரிய ஊசிகள் நன்றாகத் தெரிந்தன. ஒன்றைத் தீட்டி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தையல் பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார். மற்றொன்று தங்கையின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது.

மூன்றாவது துண்டு கிடைக்கவில்லை. என் பங்கு அந்த ஆறேழு சில்லுகள். சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, பின்கட்டில் இரம்பத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரம்பத்தை முடுக்குமுன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, பிடியை இன்னொருமுறை அசைத்துப் பார்க்கிறேன்.

நீங்களும் அசைத்துப் பாருங்கள், அன்பர்களே.